செலினுக்கு ஒரு ஃபயர்வால்

அரிசி டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவியபோதுதான் இன்டர்நெட் வயர் தட்டுப்பட்டது. சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அடியில் புதைத்திருக்கிறாள் செலின், அதன் முனையில் கம்ப்யூட்டரில் மாட்டுகிற கொக்கிக்குள் ஒரு அரிசிமணி சிக்கியிருக்கிறது, ஊதினால் போகவில்லை, ஊக்கு தேடி எடுத்துக் குத்தினால் உடைந்து இன்னும் உள்ளே போகிறது. எனக்குக் கண் மங்குகிறது, வயதல்ல, தூக்கமில்லை. வயர் எங்கே இருக்கிறதென்று அவளே சொன்னாள் என்பதே பெரிய விஷயம், காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அரிசியில கிடக்கு, எடுத்துக்குங்க, ஆனா முதல்ல ஃபயர்வால் போடணும், போட்டு முடிச்சப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றாள். சரி என்றேன். என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகிவிட்டது, ஆனால் இந்தச் சரி வேறு, இதைச் செய்து முடித்தால் சாயங்காலம் மகள் இனிதாவிடம் அவள் முகத்தைக் காட்டிவிடலாம். இனிதா புனேயிலிருந்து நேற்று அந்தப் பட்டன் போனில் சொன்னது காதிலேயே கிடக்கிறது, "குரலை மட்டும் கேட்டுட்டு இருக்க முடியாதுப்பா, நீங்க நல்லா இருக்காங்க நல்லா இருக்காங்கன்னு சொல்றதை இனிமே நான் நம்ப மாட்டேன், நாளைக்கு அம்மா முகத்தை நான் பார்க்கணும், பார்க்கலைன்னா கிளம்பி வர்றேன், சேர்த்துடலாம்." சேர்த்துடலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற மாதிரி சொல்கிறாள், பெற்ற பிள்ளைதான், அவளுக்கும் வேறு வார்த்தை கிடைத்திருக்காது. எங்கே சேர்ப்பது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும், கம்பி போட்ட ஜன்னல், சாவி மாட்டிய நர்ஸ், செலின் அங்கே ஒரு கட்டிலில் உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், கடைசியில் நான் வருவேன், என்னையும் அதே பார்வை பார்ப்பாள்.

அரிசிமணி ஒருவழியாக வெளியே வந்துவிட்டது, ஊக்கைச் சட்டையிலேயே குத்திக்கொண்டேன். வயரை மாட்டுகிறேன். செலின் கட்டிலில் உட்கார்ந்து ஸ்விட்ச் போர்டின் மேல் கையை வைத்திருக்கிறாள், ஏதாவது ஒன்று என்றால் அணைத்துவிட, அந்தக் கையில் கண்ணாடி வளையல் ஒன்றும் இல்லை, சத்தம் அவர்களுக்குக் கேட்கும் என்று கழற்றிவிட்டாள். அவர்கள் என்பது யார் என்று நான் கேட்பதை நிறுத்தி நாளாகிறது. மேல்வீட்டுக்காரர் அதில் உண்டு, பாவம், வங்கியில் வேலை, கதவு திறந்தால் தலையைக் குனிந்துகொண்டு படியேறுகிற மனிதர், குதிகாலை ஊன்றி நடப்பது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. மற்றவர்களுக்குப் பெயர் இல்லை. இந்தப் பெட்டி வழியாக வருகிறார்கள், கேட்கிறார்கள், பார்க்கிறார்கள். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறாள், காயத்துக்கு ஒட்டுகிறது, நடுவில் மருந்துப் பஞ்சு வைத்தது. புத்தூர் மனநல டாக்டரிடம் நான் மட்டும் போய் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னபோது அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார், "அவங்க சொல்றதை இல்லைன்னு வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க, எப்படியாவது கூட்டிட்டு வாங்க, ஆளைப் பார்க்காம நான் மருந்து எழுத முடியாது." இல்லையும் இல்லை, ஆமாவும் இல்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு நாள்தான் ஒற்றைக்காலில் நிற்பது. கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை, கேட்டால், "எனக்குக் காது நல்லா கேக்குது, கண்ணு நல்லா தெரியுது, அதனாலதானே டாக்டர்கிட்ட காட்டணும்கிறீங்க" என்கிறாள். மின்வாரியத்தில் நான் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்தவன், மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள், சோதித்துப் பார்த்து, சரியாகத்தான் ஓடுகிறது என்று சொல்வேன், ஒருவர் முகத்திலும் நம்பிக்கை வராது, அதற்காக நான் தூக்கம் கெட்டதில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

எதைப் போடுவது என்பதிலேயே மத்தியானம் பாதி போயிற்று. கம்ப்யூட்டரிலேயே, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் காவல் காக்கிற ஃபயர்வால் ஒன்று இருக்கிறது, அது போதும் என்று எல்லா இணையப் பக்கத்திலும் எழுதியிருக்கிறார்கள், நான் அதைப் படித்துக் காட்டினேன். "அது பெட்டியோட வந்தது, வீடு வித்தவன் கொடுத்த பூட்டு மாதிரி, இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்குத் தெரியும்" என்றாள். நியாயம்தான். நீலக் கேடயம் போட்ட ஒன்று இலவசம் என்றது, "சும்மா கொடுக்கிறவனுக்கு அதுல என்ன கிடைக்குது?" என்றாள், அதுவும் நியாயம்தான், இதையே இனிதா சொல்லியிருந்தால் புத்திசாலி என்று சந்தோஷப்பட்டிருப்பேன். இங்கேதான் எனக்குச் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் இங்கேதான், எந்த இடம் வரைக்கும் ஜாக்கிரதை, எந்த இடத்திலிருந்து நோய், ஒரு கோடு இருக்கும் என்று நினைத்துத் தேடுகிறேன், மூட்டு வலிக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்ன மறுநாள் இந்தத் திரையில் முழங்கால் பட்டை விளம்பரம் வந்ததே, அது வந்தது, நானும் பார்த்தேன், சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பிறகு அந்த வகுப்பு. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாலே அது வந்துவிடுகிறது. ஊரடங்கு நாட்களில் இதே பெட்டி, இதே நாற்காலி, செலின் ஒன்பதாம் வகுப்புக்கு வடிவொத்த முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தாள், ஒரு மாணவியின் பெயரை வைத்துக்கொண்டு எவனோ உள்ளே வந்தான், ஆண் குரல், செலினைப் பற்றி, அவள் உடம்பைப் பற்றி, நாற்பது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது. நான் காபி கொண்டு வந்தவன் வாசலில் நின்றுவிட்டேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எந்தப் பொத்தானை அமுக்கினால் அவன் போவான் என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, வயரைப் பிடுங்கினேன். பள்ளி நிர்வாகத்தில் அவளிடம்தான் விளக்கம் கேட்டார்கள், வகுப்பைப் பாதுகாப்பாக ஏன் நடத்தவில்லை என்று. அதற்குப் பிறகு அவள் சாக்பீஸைத் தொடவில்லை. ஆகவே யாரும் வர மாட்டார்கள் செலின், யாரும் வரவில்லை செலின் என்று நான் சொல்கிறபோதெல்லாம் எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்கிறது. ஒருவன் வந்தான், வந்து போனான், போனவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரிகிறது, அவளுக்கு அவன் இன்னும் போகவில்லை.

கடைசியில் அவளே தேர்ந்தெடுத்தாள், செங்கல் சுவர் படம் போட்டது, சின்னக் கம்பெனி, அவர்கள் இணையப் பக்கத்தில் அலங்காரம் கிடையாது, எப்படி வேலை செய்கிறது என்று நீளமாக எழுதியிருந்தது, அதை முழுக்கப் படிக்கச் சொன்னாள், நான் வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டினாள், கணக்கைப் பல படிகளில் போட்டுக் காட்டுகிற பிள்ளையைப் பார்த்து ஆட்டுவாளே அந்த மாதிரி. டவுன்லோட் கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. மின்விசிறிக் காற்று சூடாகக் கழுத்தில் இறங்குகிறது. கண் சொருகுகிறது, திரையில் அந்தப் பச்சைக் கோடு இரண்டாகத் தெரிகிறது, தலையை உதறிக்கொள்கிறேன். தூங்கக் கூடாது, நான் தூங்கிய ஒரு மத்தியானம்தான் அவள் கதவைத் திறந்துகொண்டு மாடிக்குப் போய் மேல்வீட்டுக்காரர் வாசலில் நின்றாள், ஒன்றும் செய்யவில்லை, நின்றாள், அவர் பயந்துபோய் எனக்கு போன் செய்தார், அன்றிலிருந்து அவள் புரண்டால் விழிக்கிறேன், விழித்தால் மூச்சை எண்ணுகிறேன், குழாய் சொட்டினால் எழுந்து உட்காருகிறேன். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவளும் எழுந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, சண்டைபோடுகிற குரலில் அல்ல, கேட்டாள், "நீங்களும் அவங்க கூடவா?" நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாதாடாதீங்க என்று டாக்டர் சொன்னது குறுக்கே வந்து நின்றது, வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான், அந்த மௌனத்தை அவள் எங்கே எடுத்து வைத்திருக்கிறாளோ.

போட்டாயிற்று. கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன், அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்து வந்தது, ஆங்கிலத்தில், செலின் கட்டிலிலிருந்து எழுந்துவந்து என் தோளுக்கு மேல் குனிந்து தமிழில் சொன்னாள், பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, "ஒரு நிரல், வெளியே தொடர்புகொள்ள, முயல்கிறது. அனுமதிக்கலாமா, தடுக்கலாமா?" அதை மூடுவதற்குள் இன்னொன்று. "வெளியிலிருந்து, ஒரு முகவரி, உள்ளே வர முயன்றது. தடுக்கப்பட்டது." என்ன செய்துவிட்டேன். இத்தனை மாதம் இல்லை இல்லை என்று சுற்றி வந்து, கடைசியில் அவள் சொன்னதையே அவள் சொன்ன வார்த்தையிலேயே சொல்கிற ஒரு பொருளை நானே கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டேன், இனி இது நிமிஷத்துக்கு ஒரு தரம் சாட்சி சொல்லும், இனி எந்த டாக்டர், எந்த மாத்திரை. "பாத்தீங்களா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சொல்லில் ஜெயித்த சத்தம் இருக்கும் என்று பயந்தேன், இல்லை, வெகுநாளாகத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ கீழே வைக்கிற குரல். நான் அவசரமாக ஆரம்பித்தேன், "இல்ல செலின், இது எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதான், உலகம் பூரா ஏதாவது ஒரு மெஷின் எல்லாக் கதவையும் தட்டிட்டுப் போகும், நம்ம வீடுன்னு பார்த்து வர்றதில்ல." "தெருவுல போறவன் எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துட்டுப் போறான்னு வைங்க, அதுக்காக நம்ம கதவைத் திறந்தா வைப்பீங்க?" என்றாள். வைக்க மாட்டேன். வைக்க மாட்டேன் செலின். "அப்ப சும்மா இருங்க" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகுதான் கவனித்தேன், ஸ்விட்ச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் வெறும் கைதான். கட்டம் வரும், அவள் படிப்பாள், யோசிப்பாள், சொல்வாள், நான் அமுக்குவேன். "இது கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பிச்சுக்கப் போகுது, விடுங்க." அடுத்தது. "இது நம்ம பிரிண்டர், பேரைப் பாருங்க, எத்தனை கேள்வித்தாள் அடிச்சிருக்கேன் அதுல, விடுங்க." நான் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தது தெரியக் கூடாதென்று உடனே திரும்பிக்கொண்டேன். விடுங்க என்கிறாள். எதையும் விடாதவள் விடுங்க என்கிறாள். பிறகு ஒன்று வந்தது, பெயரே இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு வால், வெளியே போகக் கேட்கிறது. "இது யாரு?" என்றாள். நான் பார்த்தேன். வைரஸாக இருக்குமோ, ஏதாவது விளையாட்டின் மிச்சமோ, இனிதா போன தடவை வந்தபோது போட்டதோ, யாரோ, நிஜமாகவே யாரோ, என் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, இதுதான் அவளுக்குத் தினமும் இறங்குகிறதா, காலை எழுந்ததிலிருந்து படுக்கிறவரை இதே கோடு இதே இடத்தில். எதையாவது சொல்லிச் சமாளிக்க வாய் தானாகத் திறந்தது. சமாளிக்கக்கூடத் தெம்பு இல்லை. "தெரியல செலின்" என்றேன். "தெரியலையா?" "நிஜமா தெரியல." அவள் என்னைப் பார்த்தாள். அந்த மாதிரிப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது, சந்தேகம் இல்லாமல், நான் ஒரு ஆள் என்கிற மாதிரி. "தெரியலைன்னா தடுங்க. அப்புறம் எது ஓடலைன்னு பார்த்துக்கலாம்" என்றாள். தடுத்தேன். எதுவும் நிற்கவில்லை, மின்விசிறிகூட அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு விதிகள் எழுதுகிற பக்கத்தைத் திறக்கச் சொன்னாள், உள்ளே வருவது ஒரு பக்கம், வெளியே போவது ஒரு பக்கம் என்று பிரித்திருந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள வர்றது எல்லாத்தையும் மூடுங்க. வெளிய போறதை ஒவ்வொண்ணா கேக்கட்டும். நாம போய்க் கேட்டதுக்குப் பதில் மட்டும் உள்ள வரலாம், கேக்காம எதுவும் வரக் கூடாது. அப்படி முடியுமா?" உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். அப்படித்தான் செய்ய வேண்டுமென்று அதிலும் எழுதியிருந்தது.

பள்ளிக்கூட வேன்கள் தெருவில் திரும்பிப்போகிற சத்தம் அடங்கியபோது பட்டன் போன் அடித்தது. இனிதா. "அப்பா, ஆன்லைன்ல வரவே இல்லையே, நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன், போகலை." அவள் குரலிலேயே டிக்கெட் எடுத்துவிட்டது தெரிந்தது, எடுக்காவிட்டாலும் எடுக்கிற பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். நான் செலினைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்டிருக்கிறது, அவள் காதுக்குக் கேட்காமல் எது போகும். "அவ கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். முடிந்தது என்று நினைத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது, சாயங்காலம் கிளம்பினால் நாளை மத்தியானம் வந்துவிடுவாள், செலினுடைய துணிகளை நான்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கும், எந்தப் பையில். "நான் கூப்பிடுறேன்னு சொல்லுங்க" என்றாள் செலின். "வர்றதைத்தானே மூடியிருக்கு. போறதுக்கு என்ன." மௌஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவளே அமுக்கினாள், கட்டம் வந்து கேட்டது, படித்தாள், அனுமதி என்று அவளே அமுக்கினாள். அடிக்கிறது. பிறகு இனிதா, புனே வீட்டு மஞ்சள் சுவருக்கு முன்னால், தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருக்கிறாள், அழுதிருக்கிறாள். "அம்மா, உங்க பக்கம் ஒண்ணும் தெரியலையே." செலினுடைய விரல் பிளாஸ்திரியின் ஓரத்தில் போய் நின்றது. நான் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தேன், ஜெபிக்கக்கூட இல்லை. உரித்தாள். "மங்கலா இருக்கும்மா" என்றது திரை, பசை ஒட்டியிருக்கிறது, செலின் புடவைத் தலைப்பில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள், அழுத்தித் துடைத்தாள், சிறு குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி. "இப்ப?" "தெரியுதும்மா."

பிறகு செலின் கேட்டாள், "உன் கம்ப்யூட்டர்ல ஃபயர்வால் என்ன போட்டிருக்க?" இனிதாவின் கண் ஒரு நொடி என் பக்கம் வந்து போயிற்று. "பெட்டியோட வந்ததும்மா." "அது போதாது. பேப்பர் எடு." இனிதா எடுத்தாள், எடுத்த மாதிரி பாவனையோ என்னவோ, குனிந்தாள். செலின் சொல்லிக்கொண்டே போனாள், உள்ளே வருவது, வெளியே போவது, கேட்காமல் வருவதற்கும் கேட்டு வருவதற்கும் என்ன வித்தியாசம், வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்கும் போய்ச் சேருகிற அந்தக் குரல், நான் அதைக் கல்யாணமான புதிதில் பள்ளிக்கூட காம்பவுண்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்று கேட்டிருக்கிறேன், இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், இது போதும், இன்றைக்கு இது போதும். அதே குரலில், ஏற்றஇறக்கம் எதுவும் மாறாமல், "இனிமே மேல்வீட்டுக்காரரால ஒண்ணும் கேக்க முடியாது, வேற வழி தேடுவார், தேடட்டும்" என்றாள். கண்ணைத் திறந்தேன். இனிதாவின் முகம் அப்படியே நின்றது, எழுதுகிற கை நின்றது. ஃபயர்வால் வைத்தால் தீர்ந்துவிடும் என்று நான் எப்போது நம்ப ஆரம்பித்தேன், எனக்கே தெரியாமல் மத்தியானத்தில் எந்த இடத்தில். இனிதா என்ன முடிவெடுத்தாளோ, பேச்சை மாற்றுகிற குரலில், "அப்பா, நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டே நாளாகிவிட்டது. நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு தலையை மட்டும் ஆட்டினேன். செலின்தான் சொன்னாள், திரையை நோக்கிக் கொஞ்சம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி. "உங்கப்பா சரியில்ல இனிதா. தூங்கறதே இல்ல. நான் ரொம்ப நாளா பார்த்துட்டிருக்கேன், ராத்திரி பூரா உட்கார்ந்து யாரோ வர்ற மாதிரி காவல் காக்கறார், குழாய் சொட்டினா எழுந்திரிக்கிறார். கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறார். அவரை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும், அவரா போக மாட்டார்." இனிதா ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "புத்தூர்ல ஒரு டாக்டர் இருக்காராம், அம்மா. அப்பா தனியா போக மாட்டாரே" என்றாள். "தனியா எதுக்குப் போகணும்" என்றாள் செலின். "நான் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறேன். நாளைக்கே போறோம்." இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். இல்லை என்று வாதாட எனக்குத் தோன்றவில்லை, ஆமாம் என்பதில் பொய்யும் இல்லை. "ஆமா" என்றேன், "தூக்கமே வர்றதில்ல. நீ வந்தா போலாம்." பேசி முடித்ததும் அவள் கம்ப்யூட்டரை அணைக்காமல், கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கித் தலையணையைத் தட்டிப் போட்டாள். "படுங்க. நான் முழிச்சிருக்கேன், யாரு வந்தாலும் நான் பார்த்துக்கிறேன்" என்றாள். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது, மேலே யாரோ குதிகாலை ஊன்றி நடந்தார்கள், நான் போய்ப் படுத்தேன்.